அணைஞ்சா அணையட்டும்

முதன்முதலில் என்னைச் சாய்த்த சுருட்டு நிகரகுவாவின் எஸ்தெலி நகரத்தில் சுற்றப்பட்டது. பெங்களூரில் நண்பன் வீட்டுப் பால்கனி, ஞாயிற்றுக்கிழமை. காலையில் குடித்த காபியோடு சரி, மதியச் சாப்பாடு இன்னும் ஆகவில்லை. கையில் கொடுக்கும்போதே அவன் சொன்னான், "காட்டம் ஜாஸ்தி, மெதுவா இழு" என்று. நான் கல்லூரிக் காலத்தில் சிகரெட் பிடித்தவன். விட்டு 10 வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் கைக்கும் வாய்க்கும் அந்தப் பழைய வேகம் மறக்கவில்லை. பேச்சு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, எத்தனை இழுப்பு இழுத்தேன் என்று கணக்கே இல்லை.

பாதி தாண்டியபோது வாயில் எச்சில் ஊறியது. விழுங்க விழுங்க ஊறியது. அப்புறம் காது மடல் இரண்டும் சில்லிட்டுப் போயின. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. எதிர் வீட்டு மாடியில் இருந்த கறுப்புத் தண்ணீர்த் தொட்டி மெல்லச் சாய்ந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். உட்காரவும் முடியாமல் படுத்துவிட்டேன். மொசைக் தரையின் குளிர்ச்சி கன்னத்தில் பட்டது ஒன்றுதான் அந்த நேரத்துக்கு ஆறுதல்.

நண்பனின் அம்மா திண்டுக்கல் பக்கத்துக்காரர். ஒரு பார்வையிலேயே புரிந்துகொண்டார். "வெறும் வயித்துல குடிச்சியாப்பா? எங்கப்பா போயிலை போடுறப்பவே சொல்லுவாரு, சாப்பிடாம அதைத் தொடக் கூடாதுன்னு" என்று சொல்லிக்கொண்டே ஒரு டம்ளர் தண்ணீரில் நாட்டுச்சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தார். அரை மணி நேரத்தில் தலை நின்றது. இனிமேல் இந்தப் பக்கமே வரக்கூடாது என்றுதான் அப்போது நினைத்தேன். ஆனால் தரையில் கிடந்த அந்த அரை மணி நேரமும் எனக்கு ஞாபகத்தில் ஓடிக்கொண்டிருந்தவர் என் தாத்தா.

அம்மாவின் அப்பா. திருச்சி உறையூரில் தறி ஓட்டியவர். ஒரு நாளைக்கு ஒரு சுருட்டு, விசேஷ நாளில் இரண்டு. மதியம் சாப்பிட்டு முடித்துத் திண்ணைக்கு வந்து பற்றவைத்தால், சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் அதே சுருட்டுதான். நான்கு இழுப்பு இழுப்பார், பிறகு திண்ணை விளிம்பில் முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி வைத்துவிட்டு நூல்கண்டை எடுத்துக்கொள்வார். கொஞ்ச நேரத்தில் புகை நின்றுவிடும். ஏதோ பெரிய நஷ்டம் நடந்துவிட்டது போல நான் ஓடிப்போய், "தாத்தா, அணைஞ்சு போச்சு" என்று சொல்வேன். "அணைஞ்சா அணையட்டும்டா. வத்திப்பெட்டி எதுக்கு இருக்கு?" என்பார். அவர் பிடித்ததும் லேசான சரக்கு இல்லை. அந்தத் தெருவில் பெரியவர்களே அதன் புகைக்குக் கொஞ்சம் தள்ளித்தான் உட்காருவார்கள். ஆனாலும் அவருக்குத் தலை சுற்றி நான் பார்த்ததே இல்லை. பழக்கம் ஒரு காரணம். இன்னொரு காரணம் அந்த 'அணையட்டும்'தான் என்று எனக்குப் புரிய பெங்களூரில் ஒரு தடவை விழ வேண்டியிருந்தது.

சுருட்டின் காட்டம் எங்கிருந்து வருகிறது என்று அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். அதற்குக் காரணமான நிகோட்டின் இலையில் உருவாவதில்லை, வேரில் உருவாகி மேலே ஏறுகிறது. பூவெடுக்கும் நேரத்தில் செடியின் நுனியைக் கிள்ளிவிடுவார்கள், பக்கத்தில் துளிர்ப்பதையும் ஒடித்துவிடுவார்கள். பூவுக்கும் விதைக்கும் போக வேண்டிய சத்தெல்லாம் இலைக்குத் திரும்பும், நிகோட்டினும் கூடும். திண்டுக்கல், வேடசந்தூர் பக்கம் புகையிலை போடுகிற யாரும் இதைச் செய்வார்கள். கியூபாவிலும் நிகரகுவாவிலும் செய்வதும் இதேதான். ஒரே செடியில் கீழே இருக்கும் இலை மெல்லியது, சுலபமாக எரியும், ருசி குறைவு. நடுவில் இருப்பதில் வாசனை அதிகம். உச்சியில் இருப்பது வெயிலை நேராக வாங்கி, தடித்து, எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும். அந்த உச்சி இலையை லிகேரோ என்கிறார்கள். ஸ்பானிய மொழியில் லிகேரோ என்றால் லேசானது என்று பொருள், ஆனால் காட்டம் முழுக்க அதில்தான் இருக்கிறது. சீக்கிரம் தீப்பிடிக்காது என்பதால் சுருட்டின் நட்டநடுவில் அதை வைத்து, சுற்றிலும் எரியக்கூடிய இலைகளை வைத்துச் சுற்றுவார்கள். எரிகிற முனையைக் கூர்ந்து பார்த்தால் நடுப்பகுதி மட்டும் கொஞ்சம் கூம்பாக நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். அதுதான் லிகேரோ.

இலையைப் பறித்து உலர்த்தினால் மட்டும் சுருட்டுப் புகையிலை ஆகிவிடாது. ஈரம் காட்டி, ஆள் உயரத்துக்குக் குவித்து, வாரக்கணக்கில் விடுவார்கள். ஈர வைக்கோல் போருக்குள் கையை விட்டால் உள்ளே சுடும் இல்லையா, அதே சூடு இந்தக் குவியலுக்குள்ளும் ஏறும். சூடு அளவு மீறாமல் பார்த்து, குவியலைப் பிரித்து உள்ளே இருந்ததை வெளியே வைத்து மறுபடியும் அடுக்குவார்கள். அந்தச் சூட்டில் அம்மோனியா கிளம்பிப் போகும், பச்சைக் கசப்பு அடங்கும். லிகேரோவுக்கு மற்ற இலைகளைவிட அதிக நாள் வேண்டும். அவசரப்பட்டு எடுத்த இலையைச் சுற்றினால் எந்தச் சுருட்டும் நாக்கைக் குத்தும், தொண்டையைப் பிடிக்கும். நிறையப் பேர் அதைத்தான் காட்டம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது காட்டம் இல்லை, வேகாத சோறு.

இன்னொரு விஷயம். சுருட்டுப் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, வாயோடு நிறுத்தி வெளியே விட வேண்டும். அப்படியும் தலை சுற்றியது எப்படி என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. சிகரெட் புகை கொஞ்சம் அமிலத் தன்மை உள்ளது, அதனால் அதன் நிகோட்டின் உடம்பில் சேர நுரையீரல் வரை போயாக வேண்டும். சுருட்டுப் புகை காரத் தன்மை உள்ளது. வாயின் உள்தோல் வழியாகவே நிகோட்டின் ரத்தத்தில் இறங்கிவிடும். வெற்றிலையும் புகையிலையும் போடுகிறவர்கள் கூடவே சுண்ணாம்பு தடவுவது ஏன்? சுண்ணாம்பின் காரம்தான் புகையிலையிலிருந்து நிகோட்டினைப் பிரித்து வாயில் ஏறச் செய்கிறது. வேதியியல் படிக்காத நம் பாட்டிகளுக்கு இந்த வழி தெரிந்திருந்தது. நண்பனின் அம்மா சொன்ன 'வெறும் வயித்துல தொடக் கூடாது' என்பதும் அந்த அறிவின் இன்னொரு பாதிதான்.

சரி, மறுபடியும் ஒரு காட்டமான சுருட்டைத் தொட்ட ராத்திரிக்கு வருகிறேன்.

அத்தை மகன் துபாயிலிருந்து வரும்போது மூன்று பார்த்தகாஸ் கொண்டுவந்து கொடுத்தான். கியூபாச் சுருட்டு, சீரி டி நம்பர் 4. 1845இல் ஹவானாவில் தொடங்கிய பெயர் அது. நீளம் 124 மில்லிமீட்டர், பருமன் 50. சுருட்டின் பருமனை அங்குலத்தின் 64இல் ஒரு பங்காக அளப்பார்கள், அதனால் 50 என்றால் கிட்டத்தட்ட 20 மில்லிமீட்டர். ஏறக்குறைய கட்டைவிரல் தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பும் பொன்னிறமும் கலந்த காகிதப் பட்டை. காட்டத்தில் பேர் வாங்கியது என்று அவனே எச்சரித்தான். நான் உடனே தொடவில்லை. காற்றுப் புகாத டப்பாவில், ஈரப்பதத்தை 65 சதவீதத்தில் நிறுத்துகிற உறை ஒன்றைப் போட்டு, உறையூர் வீட்டில் வெயிலே படாத உள்ளறையில் எட்டு மாதம் வைத்திருந்தேன்.

திருச்சி வெயிலில் சுருட்டு வைத்திருப்பது லேசான வேலை இல்லை. முன்பு ஒரு சித்திரை மாதம், வேறு நான்கு சுருட்டை அஜாக்கிரதையாக விட்டுவிட்டேன். எடுத்துப் பார்த்தால் மேலிலையில் குண்டூசியால் குத்தியது போலத் துளைகள், டப்பாவின் அடியில் பொடி. புகையிலை வண்டு. அம்மா எட்டிப் பார்த்து, "இது மஞ்சத்தூள் டப்பாவுல வர்ற வண்டுடா" என்றார். உண்மையிலேயே அதே வண்டுதான், மஞ்சள், மிளகாய், மல்லி எதையும் விடாது. முட்டை இலையிலேயே இருக்கும், சூடு ஏறினால் பொரியும். அன்றிலிருந்து புதிதாக வரும் சுருட்டை உறையில் போட்டு நன்றாகக் கட்டி மூன்று நாள் ஃபிரிட்ஜின் உறைபெட்டியில் வைத்து, பிறகு ஒரு நாள் கீழ்த்தட்டில் வைத்து, அதற்குப் பிறகுதான் டப்பாவுக்கு மாற்றுகிறேன்.

மார்கழி. ராத்திரி ஒன்பது மணி. ரசம் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு மொட்டை மாடிக்குப் போனேன். தூரத்தில் மலைக்கோட்டை உச்சியில் பிள்ளையார் கோயில் விளக்கு. பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர், ஒரு துண்டு கருப்பட்டி. போன் கீழேயே இருந்தது.

பற்றவைக்கும் முன்னால் முகர்ந்தேன். மேலிலையில் காய்ந்த வைக்கோல் வாசனை. எரியப்போகும் முனையில் வேறு வாசனை, அதிகாலையில் மாட்டுத் தொழுவத்துக் கதவைத் திறந்ததும் வருமே, அது. தொழுவம் உள்ள வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அது நாற்றம் இல்லை. தலைப்பகுதியை ஒரு நெல் பருமனுக்கு வெட்டி, தீ வைக்காமலே ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன். உதட்டில் லேசான உப்பு, உள்ளே வந்த காற்றில் உலர்திராட்சை ருசி. தீக்குச்சியின் மருந்து எரிந்து முடியும்வரை காத்திருந்து, நெருப்பில் முனையைத் தொடவிடாமல் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, சுருட்டைத் திருப்பித் திருப்பி வாட்டினேன். அப்பளம் சுடுவது போலத்தான், ஒரே இடத்தில் நிற்கக் கூடாது. விளிம்பு முழுக்கக் கனன்ற பிறகு முதல் இழுப்பு.

மிளகு. வேறு வார்த்தையே இல்லை. அம்மியில் அப்போதுதான் தட்டிய மிளகு. நாக்கில் பாதி, புகையில் ஒரு சின்னப் பங்கை மூக்கு வழியாக விட்டபோது மீதி. கண் ஓரத்தில் நீர் வந்தது. இங்கேதான் பெங்களூரில் நான் தவறினேன். மிளகு சுரீரென்று பிடித்ததும் கை தானாக அடுத்த இழுப்புக்குப் போகும். இந்தத் தடவை கையைக் கீழே இறக்கி, சுவரில் வைத்தேன். ஒரு நிமிடத்துக்கு ஒரு இழுப்பு, சில சமயம் இரண்டு நிமிடத்துக்கு ஒன்று. மிளகு ஏழெட்டு இழுப்பில் பின்னால் போய்விட்டது. அது விட்டுப்போன இடத்தில் மண் வந்தது. கோடை மழையின் முதல் தூறலுக்கு எழும்பும் வாசனை இல்லை அது. மழை நின்று மறுநாள், வெயில் ஏறி, மேல்மண் காயத் தொடங்கும்போது வருவது. சாம்பல் வெள்ளையும் சாம்பல் நிறமுமாக அடுக்கடுக்காக இரண்டு சென்டிமீட்டர் நின்றது. தட்டவில்லை.

முப்பத்தைந்தாவது நிமிடமோ என்னவோ, மூன்றே இழுப்பில் எல்லாம் மாறியது. முதல் இழுப்பில் மண் மட்டும். இரண்டாவதில் மண்ணுக்கு அடியில் ஏதோ வறுபடுகிறது. எனக்கு நன்றாகத் தெரிந்த வாசனை, பெயர்தான் வரவில்லை. வாயில் புகையை நிறுத்திக் கண்ணை மூடினேன். மூன்றாவது இழுப்பில் தெரிந்துவிட்டது. வெறும் வாணலியில் கொத்தமல்லி விதை வறுபடுகிறது. அது சிவக்கும் முன்னால், ஒன்றிரண்டு வெடிக்கிற கட்டத்தில் வருகிற மணம். சாம்பார்ப் பொடிக்கு அம்மா வறுக்கும்போது வீடு முழுக்க நிறையுமே, அதேதான். அதன் பின்னாலேயே, புகையை விட்டு முடித்த பிறகு, நாக்கின் நுனியில் ஒரு இனிப்பு ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் வைத்திருந்த கருப்பட்டியை நான் இன்னும் தொடவே இல்லை. எழுந்து நின்றுவிட்டேன். யாரையாவது கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

இப்படி மாறுவதற்குக் காரணம் உண்டு. எரிகிற முனையிலிருந்து வாய்க்கு வரும் புகை, நடுவில் இன்னும் எரியாமல் இருக்கிற இலைகளுக்குள் புகுந்துதான் வருகிறது. வரும் வழியில் எண்ணெயும் ஈரமும் அந்த இலைகளில் படிகின்றன. ஒவ்வொரு இழுப்பும் அடுத்த இழுப்புக்கு இலையைத் தயார் செய்கிறது. வேகமாக இழுத்தால் முனை அளவுக்கு மீறிச் சூடாகி எல்லாம் கருகிவிடும். அப்போது மல்லியும் தெரியாது, மண்ணும் தெரியாது, கசப்பும் நிகோட்டினும் மட்டும் வந்து சேரும். காட்டம் வேறு, ருசி வேறு என்று நான் சொல்வது இதைத்தான். காட்டம் இலையில் ஏற்கெனவே இருக்கிறது, யார் எப்படி இழுத்தாலும் வரும். ருசி இழுக்கிறவரின் நிதானத்தைப் பொறுத்தது. லேசான சுருட்டைக் கண்டபடி இழுத்தாலும் பெரிதாகத் தெரியாது. கனமான சுருட்டு உங்களைக் கீழே உட்காரவைத்துவிடும், அதனால் மெதுவாகப் போயே ஆக வேண்டும். அந்தக் கட்டாயத்துக்காகவே எனக்கு அது பிடிக்கிறது.

ருசிக்குப் பெயர் வைப்பது பற்றியும் சொல்லியாக வேண்டும். தொடக்கத்தில் அமெரிக்க, ஐரோப்பிய ரசிகர்கள் எழுதியதைப் படித்துவிட்டு அவர்கள் சொன்னதையே தேடினேன். லெதர் என்றார்கள், எஸ்பிரெஸ்ஸோ என்றார்கள், செடார் என்றார்கள். நான் செடார் மரத்தை முகர்ந்ததே இல்லை. முகராத வாசனையை ஒரு சுருட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது? பிறகுதான் தெரிந்தது, சுருட்டுப் பெட்டி செய்கிற ஸ்பானிய செடார் உண்மையில் தேவதாரு வகையே இல்லை. அது வேம்புக் குடும்பத்து மரம். வீட்டில் பழைய வேப்பம்பலகை அலமாரி ஒன்று இருக்கிறது. அதன் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டு முகர்ந்து பார்த்தேன். சுருட்டில் வருவது அச்சாக இதே வாசனை இல்லை, ஆனால் பங்காளி என்று சொல்லலாம். அன்றிலிருந்து என் சமையலறையிலும் தெருவிலும் இருக்கிற பெயர்களையே வைத்துக்கொள்கிறேன். லெதர் என்று அவர்கள் சொல்வது எனக்கு மாட்டு வண்டித் தோல்வார், வேர்வை ஊறியது. கோகோ என்பது சுக்குக் காபியின் அடி மண்டி. இப்படிச் சொல்லத் தொடங்கிய பிறகு இரண்டு மடங்கு ருசி தெரிகிறது. நமக்குச் சொல் இருக்கிற வாசனைதான் நம் மூக்குக்குப் பிடிபடும்.

ஒரு மணி நேரம் ஆனபோது காட்டம் ஏறத் தொடங்கியது. காதுக்குப் பின்னால் லேசான சூடு. கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு, தண்ணீர் குடித்துவிட்டு, சுருட்டைச் சுவரில் வைத்துவிட்டேன். அணைந்தது. ஐந்து நிமிடம் மாடியில் நடந்தேன். மறுபடி பற்றவைக்கும் முன்னால் உள்ளே தேங்கியிருந்த புகையைச் சுருட்டு வழியாகவே வெளியே ஊதித் தள்ளினேன், இல்லாவிட்டால் முதல் இழுப்பு புளித்துப்போய் வரும். கடைசிப் பங்கில் பெருங்காயம் மாதிரி ஒரு கடுமை, கருக வறுத்த காபிக்கொட்டை, அதற்குள்ளே திரும்பவும் மிளகு. முதலில் வந்த மிளகு நாக்கின் மேலே நின்றது, இது தொண்டைக்கு அருகே நின்றது. ஒன்றேகால் மணி நேரத்தில், மூன்று விரல்கடை மீதி இருந்தபோது கீழே வைத்தேன். நசுக்கவில்லை. சுருட்டை நசுக்கினால் அந்த நாற்றம் மறுநாள் வரை போகாது. தானாக அணைய விடுவதுதான் மரியாதை.

அந்த மாடியில் உட்கார்ந்து கியூபாச் சுருட்டைப் பிடித்ததில் எனக்கு ஒரு கூச்சமும் இருந்தது. கீழே இருக்கிற தெருக்கள் ஒரு காலத்தில் உலகத்துக்கே சுருட்டு அனுப்பியவை. விக்டோரியா காலத்து ஆங்கிலத்தில் 'டிரிச்சினாப்பொலி' என்றாலே நம் ஊர்ச் சுருட்டுதான். ஆங்கிலத்தின் 'செரூட்' என்ற சொல்லே தமிழின் 'சுருட்டு' போய் மாறியதுதான். சர்ச்சில் இங்கிருந்து வரவழைத்துக் குடித்தார் என்று உறையூர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் வருகிற பெருமை எனக்கு வேறு மாதிரி வலிக்கும், ஏனென்றால் சுற்றத் தெரிந்த கைகள் இப்போது ரொம்பக் குறைந்துவிட்டன.

போன தை மாதம் உறையூரில் சுருட்டுச் சுற்றுகிற ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். எழுபது வயதிருக்கும் அம்மா ஒருவர், மடியில் பலகை. நனைத்து விரித்த இலையின் நடுநரம்பை ஒரே இழுப்பில் உரித்தெடுத்தார். உள்ளே வைக்கிற இலைத்துண்டுகளை விரலாலேயே அளந்து, ஒரு தடவை உருட்டி, மேலிலையைச் சாய்வாகப் பிடித்துச் சுற்றிக்கொண்டே போய், நுனியில் பசை தொட்டு ஒட்டினார். கண்ணால் பார்க்கவே இல்லை, பேச்சு என்னோடுதான். கியூபாச் சுருட்டின் தலை இலையால் மூடியிருக்கும், வெட்ட வேண்டும். நம் சுருட்டுக்கு இரண்டு முனையும் திறந்தே இருக்கும், அப்படியே பற்றவைக்கலாம். "இறுக்கிச் சுத்துனா இழுக்க வராது, தளத்திச் சுத்துனா வெந்து போகும்" என்றார் அந்த அம்மா. ஹவானாத் தொழிலாளியைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்.

ஹவானாவையும் நம் பக்கத்தையும் இணைக்கிற இன்னொன்று உண்டு, எனக்கு அது மிகவும் பிடித்தது. 1865இல் ஹவானாவின் எல் ஃபிகாரோ தொழிற்சாலையில், சுருட்டுச் சுற்றுகிறவர்களுக்கு ஒருவர் உட்கார்ந்து சத்தமாக வாசித்துக் காட்டுகிற வழக்கம் தொடங்கியது. காலையில் பத்திரிகை, பிறகு நாவல். வாசிக்கிறவருக்குத் தொழிலாளர்களே தங்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள். வாசிப்பு பிடித்துவிட்டால் இலை வெட்டும் பிறைக்கத்தியைப் பலகையில் தட்டுவார்கள், அதுதான் கைத்தட்டல். யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களிலும் ஒருவர் பத்திரிகை வாசிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றினார்கள். கண்ணூர் பீடித் தொழிலாளர்களும் அப்படித்தான். ஒருவரை ஒருவர் அறியாத மூன்று ஊர். கைக்கு வேலை, காதுக்கு ஓய்வு என்றால் மனிதர்கள் எங்கிருந்தாலும் கதை கேட்கத்தான் செய்கிறார்கள்.

சின்ன வயதில் நான் அதிகம் பயந்த சுருட்டு தாத்தாவுடையது இல்லை, கருப்பசாமியுடையது. குலதெய்வக் கோயில் படையலில் சாராயப் பாட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கட்டு சுருட்டு இருக்கும். சாமி வந்து ஆடுகிறவர் கையில் ஒன்றைப் பற்றவைத்துக் கொடுப்பார்கள். அவர் இழுக்கிற வேகத்தில் முனை தணலாக நிற்கும், முகமே புகைக்குள் போய்விடும். காட்டத்தைக் காட்டமாகவே வாங்க அந்த ஒருவருக்குத்தான் முடியும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

இவ்வளவும் எழுதிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் சுருட்டு வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரும். பெரிய சுருட்டுகள் சிலவற்றில் ஒரு பாக்கெட் சிகரெட்டுக்கு உண்டான புகையிலை இருக்கிறது. ஆந்திராவின் வடகோடியில் எரிகிற முனையை வாய்க்குள் வைத்துச் சுருட்டு பிடிக்கிற பெண்களுக்கு அண்ணத்தில் வருகிற புற்றைப் பற்றி மருத்துவர்கள் பல காலமாக எழுதி வருகிறார்கள். நான் வருடத்துக்கு மூன்று அல்லது நான்குக்கு மேல் தொடுவதில்லை, வீட்டுக்குள் பற்றவைப்பதில்லை, குழந்தைகள் இருக்கும்போது மாடிக்கும் போவதில்லை. புகைக்காதவர்கள் யாரும் இதைப் படித்துவிட்டு ஆரம்பிக்க வேண்டாம். மனதாரச் சொல்கிறேன்.

சுருட்டுச் சுற்றுகிற அந்த அம்மாவிடம் வாங்கிய கட்டிலிருந்து ஒரு சுருட்டை, வீடு திரும்பிய அன்று மதியமே, தாத்தாவின் திண்ணையில் உட்கார்ந்து பிடித்தேன். கியூபாவுடையதைப் போல அடுக்கடுக்காக மாறவில்லை, ஒரே சுருதிதான். காய்ந்த பனையோலை, கொஞ்சம் உப்பு, அடியில் வெல்லப்பாகு கொஞ்சம் தீய்ந்த மணம். ஆனால் காட்டம் கியூபாவுக்கு ஒரு படி மேல். நான்கு இழுப்பு இழுத்துவிட்டுத் திண்ணை விளிம்பில் வைத்தேன். செங்கல் விளிம்பில் அந்த இடம் மட்டும் இன்னும் கறுத்தே இருக்கிறது. இத்தனை வருடம் அதை நான் தண்ணீர்க் கறை என்று நினைத்திருந்தேன்.

டப்பாவில் பார்த்தகாஸ் இன்னும் இரண்டு மீதி இருக்கின்றன. அடுத்த மாதம் பெங்களூர் போகிறேன், ஒன்று அந்த நண்பனுக்கு. அவன் அம்மாவிடம் போனில் சொல்லியாயிற்று, மதியச் சாப்பாடு அங்கேதான் என்று. "முதல்ல சாப்பாடு, அப்புறம்தான் மத்ததெல்லாம்" என்றார்.